பழைய சிங்கர் 29கே தோல் தையல் மெஷின்: சரி செய்வதா, புதிது வாங்குவதா?

தோல் தைக்கும் பழைய மெஷின் ஒன்று கைக்கு வந்து சேர்ந்தால் நான்கு வழிகள் முன்னால் நிற்கும். நாமே சுத்தம் செய்து, திருகுகளைச் சரிபார்த்து, ஓட வைக்கலாம். மெக்கானிக்கிடம் கொடுத்துத் தேய்ந்த பாகங்களை மாற்றலாம். அதை ஓரமாக வைத்துவிட்டு, ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் சீனக் கை மெஷின் ஒன்றை வாங்கலாம். அல்லது நிறையப் பணம் போட்டு, மோட்டார் பொருத்திய புது சிலிண்டர் மெஷினுக்கு (தட்டையான மேசைக்குப் பதில் உருளை போன்ற கை உள்ளது) போகலாம். குத்தூசியும் இரண்டு ஊசிகளும் கொண்டு கையால் தைப்பதை ஐந்தாவது வழியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறையப் பேருக்கு உண்மையில் அதுதான் பொருந்தும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மெஷினின் வயதை வைத்து முடிவு செய்ய முடியாது. எங்கே தேய்ந்திருக்கிறது, அதில் எதைத் தைக்கப் போகிறோம் என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் முடிவு தானாக வந்துவிடும். இதைப் பார்க்காமல் ‘பழசு என்றால் இரும்பு, சும்மா கிடைத்தாலே லாபம்’ என்று பணத்தைக் கொட்டுகிறவர்களும் உண்டு. நல்ல மெஷினைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகையைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

இங்கே பேசப்போவது சிங்கர் 29கே வகையைப் பற்றி. பை, சூட்கேஸ், ஷூ பழுதுபார்க்கும் கடைகளில் ஒல்லியான நீண்ட கையை நீட்டிக்கொண்டு நிற்கும் கறுப்பு மெஷின் இதுதான். ‘கே’ என்பது கில்போவியைக் குறிக்கும். ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளைட்பேங்க் ஊரில் சிங்கர் நிறுவனம் வைத்திருந்த பெரிய தொழிற்சாலை அது. 1880களில் எழும்பி, 1980ல் மூடப்பட்டது. உங்கள் மெஷினின் வரிசை எண் எஃப் அல்லது ஒய் என்ற ஒற்றை எழுத்தில் தொடங்கினால் அது 1935க்கு முந்தையது. ஈ என்று தொடங்கும் இரட்டை எழுத்து இருந்தால் அதற்குப் பிந்தையது. வரிசை எண்ணையும் மாடல் எண்ணையும் முதலில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 29கேயில் பல மாடல்கள் இருக்கின்றன. சிறிய பாபின் போடுவது, பெரிய பாபின் போடுவது, கை நீளமானது, குட்டையானது என்று வேறுபடும். சிறிய பாபின் மாடலின் ஷட்டில் (கீழ் நூல் சுற்றிய பாபினைத் தாங்கி, மேல் நூலை அதோடு கோக்கும் பாகம்) பெரிய பாபின் மாடலில் உட்காராது. உதிரிபாகம் கேட்டுப் போகும்போது மாடல் எண் இல்லாமல் போனால் அலைச்சல்தான் மிஞ்சும்.

இந்த மெஷினின் தனிச்சிறப்பு அதன் கால். சாதாரண தையல் மெஷினில் துணியைக் கீழேயிருக்கும் பற்கள் தள்ளும். இதில் கீழே பற்களே கிடையாது. மேலிருக்கும் கால்தான் தோலைக் கவ்வி, இழுத்து, தூக்கி, மறுபடி கவ்வுகிறது. அந்தக் காலை ஒரு வளையத்தைப் பிடித்து எந்தத் திசைக்கும் முழுச் சுற்றாகத் திருப்பலாம். மெஷினின் கையை ஷூவுக்குள் நுழைத்துவிட்டால் ஷூவைத் திருப்ப வேண்டியதில்லை, தையல் திசையைத் திருப்பினால் போதும். பையின் உள்மூலை, கிழிந்த ஜிப்பின் ஓரம், பூட்ஸின் மேல்பாகம் என்று வேறு மெஷின் எட்டாத இடங்களில் இது தைக்கும்.

இடையில் ஒன்று. ‘தோல் தைக்கும் ஹெவி டியூட்டி மெஷின்’ என்று விற்பனைக்கு வரும் பழைய மெஷின்களில் பல, வீட்டுத் தையலுக்கான சிங்கர் 15, 201 போன்றவை. அவை அருமையான மெஷின்கள்தான். ஜாக்கெட்டுக்கான மெல்லிய தோலில் இரண்டு அடுக்கு தைக்கவும் செய்யும். ஆனால் பெல்ட்டையோ பை வாரையோ அதில் திணித்தால் ஊசி ஒடியும், டைமிங் (ஊசியும் ஷட்டிலும் சந்திக்கும் நேரம்) கெடும். அப்படிப்பட்ட மெஷின் கையில் இருந்தால் அதைத் துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தேய்மானத்தை எப்படிப் பார்ப்பது

எந்த வழிக்குப் போவதானாலும் இந்தச் சோதனைகளைச் செய்யாமல் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். வாங்குவதற்கு முன்னாலேயே செய்துவிட்டால் இன்னும் நல்லது.

முதலில் ஷட்டில். பின்பக்கத்தில் பெரிய கேம் (பள்ளம் வெட்டிய சக்கரம்) ஒன்று சுற்றுகிறது. அது சுற்றும்போது, மெஷினின் கைக்குள்ளே ஓடும் பல் வெட்டிய கம்பி முன்னும் பின்னும் போய்வரும். முனையில் இருக்கும் சிறு பல்சக்கரத்தை அந்தக் கம்பி திருப்ப, ஷட்டில் இப்படியும் அப்படியும் ஆடும். மெக்கானிக்குகள் இதை ராக், பினியன் என்பார்கள். ஷட்டில் முழுச் சுற்று சுற்றாமல் போய்ப்போய்த் திரும்புவதால் எப்போதும் அதே பற்கள்தான் உரசுகின்றன. அதனால் தேய்வதும் அவைதான். ஊசியைக் கழற்றிவிடுங்கள். சக்கரத்தை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, ஷட்டிலை விரலால் ஆட்டிப் பாருங்கள். மிகச் சிறிய ஆட்டம் இருக்கத்தான் செய்யும். சக்கரம் அசையாமலேயே ஷட்டிலின் மூக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால், ராக்கும் பினியனும் தேய்ந்துவிட்டன என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட மெஷினில் டைமிங்கை எவ்வளவு நுணுக்கமாக வைத்தாலும் நிற்காது. மெதுவாகத் தைத்தால் ஒழுங்காக விழும் தையல், கொஞ்சம் வேகம் எடுத்ததும் விட்டுவிட்டு விழும்.

அடுத்தது தையலின் நீளம். தையல் அளவை மிக நீளமாக வைத்து, நூல் கோக்காமல், ஒரு தடித்த அட்டையில் பத்துப் பன்னிரண்டு துளை போடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் 29கே ஒரு அங்குலத்துக்கு ஐந்து தையல், அதாவது ஏறத்தாழ 5 மி.மீ. நீளத்தில் போடும். தேய்ந்த மெஷின் எவ்வளவு முயன்றாலும் 3 மி.மீ. தாண்டாது. காரணம் தலைப்பகுதியில் இருக்கிறது. காலை இழுக்கும் வேலையைச் செய்யும் வளைந்த நெம்புகோலின் முனை ஒரு வளையத்தின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு தையலுக்கும் அந்த முனை உரசுகிறது. முனையும் தேய்கிறது, பள்ளமும் அகலமாகிறது. நெம்புகோல் நகரும் தூரத்தில் ஒரு பகுதி அந்த இடைவெளியிலேயே வீணாகிவிட, மீதிதான் காலுக்குப் போய்ச் சேர்கிறது. இதே சோதனையைக் காலை முன்னே, பின்னே, இடம், வலம் என நான்கு பக்கமும் திருப்பிச் செய்யுங்கள். நான்கிலும் நீளம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 5, இன்னொரு பக்கம் 3 என்று வந்தால், ஷூவைச் சுற்றித் தைக்கும்போது தையல் கோணலும் மாணலுமாகத் தெரியும்.

ஊசித் தண்டைக் கீழே இறக்கி, பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அது ஆடினால் ஊசி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் இறங்கும். தகட்டில் ஊசி இறங்கும் துளையையும் பாருங்கள். வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் அகன்றிருந்தால், பல வருடங்களாக ஊசி ஓரத்தில் இடித்திருக்கிறது என்று பொருள். தகடு மாற்றக்கூடியது, மலிவானது, கவலைப்பட வேண்டாம். கடைசியாக உடம்பு முழுவதும் ஒரு டார்ச் அடித்து விரிசல் தேடுங்கள். வார்ப்பு இரும்பு கீழே விழுந்தால் வளையாது, வெடிக்கும். கையின் அடிப்பகுதியிலோ தலையிலோ விரிசல் இருந்தால் அந்த மெஷினை உதிரிபாகத்துக்கு மட்டும் வாங்குங்கள்.

நாமே சரி செய்வது

ஷட்டிலில் ஆட்டம் இல்லை, தையல் நீளம் நன்றாக இருக்கிறது, ஆனால் சக்கரம் இறுக்கமாகச் சுற்றுகிறது, தையல் ஒழுங்காக விழவில்லை. இந்த நிலையில் இருக்கும் மெஷினுக்கு யாரிடமும் பணம் கொடுக்கத் தேவையில்லை. பொறுமை இருந்தால் போதும்.

இறுக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் துரு அல்ல, காய்ந்து பிசினாகிப் போன எண்ணெய். வீட்டில் இருந்ததே என்று தேங்காய் எண்ணெய் விட்டவர்கள் நிறையப் பேர். அது நாளாக ஆக ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்து, ஒரு இரவு விட்டு, மறுபடி செய்யுங்கள். அழுக்கு கறுப்பாக வழியும். துடைத்துவிட்டு மீண்டும் விடுங்கள். வழிவது தெளிவானதும் மண்ணெண்ணெயைத் துடைத்தெடுத்து, தையல் மெஷினுக்கான வெள்ளை எண்ணெய் விட வேண்டும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்குமே தவிர உராய்வைத் தாங்காது, அதையே விட்டு ஓட்டினால் தேய்மானம் கூடும். மெஷின் மேல் இருக்கும் தங்கப் பூ வேலையை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். அதன் மேலிருக்கும் அரக்குப் பூச்சு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், அப்புறம் பூவும் போய்விடும்.

திருகுகளிடம் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும். சிங்கர் தன் மெஷின்களுக்குத் தனக்கென்றே ஒரு மரை வெட்டி வைத்திருந்தது. ஹார்டுவேர் கடையில் வாங்கும் திருகு அதில் போகாது. போகிற மாதிரி தெரிந்து முடுக்கினால் மரையைக் கெடுத்துவிடும். திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் அகலமான ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு, அசையாத திருகுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். காத்திருந்து கழற்றிய திருகு திரும்பப் போடக் கிடைக்கும். அவசரப்பட்டு உடைத்த திருகுக்கு லேத் பட்டறையைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

இப்போது சரிப்படுத்தும் வரிசை. தையல் விட்டால் உடனே டைமிங்கில் கை வைப்பதுதான் வழக்கமாகிவிட்டது. அதைக் கடைசியாகத்தான் தொட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முதலில் ஊசி. 29கேக்குத் தோலுக்கான ஊசி 29×3 என்ற வகை, துணிக்கு 29×4. இவை சாதாரண தையல் கடை ஊசியின் நீளத்தில் இருக்காது. முன்பு வைத்திருந்தவர் கிடைத்த ஊசியைப் போட்டு, அதற்கேற்ப ஊசித் தண்டின் உயரத்தை மாற்றி வைத்திருக்கலாம். அப்போது நீங்கள் சரியான ஊசி போட்டதும் தையல் விழாது, தப்பு உங்கள் மேல் என்று தோன்றும். உண்மையில் தண்டின் உயரம்தான் இடம் மாறிக் கிடக்கிறது.

இரண்டாவது நூல். டெக்ஸ் என்பது நூலின் தடிமனைக் குறிக்கும் எண். இந்த மெஷினுக்கு டெக்ஸ் 70 நூல் வசதி, டெக்ஸ் 135தான் மேல் எல்லை. டெக்ஸ் 70க்கு 16 அல்லது 18 எண் ஊசி, டெக்ஸ் 135க்கு 22 எண் ஊசி. பாண்டட் (இழைகள் பிரியாதபடி பிசின் பூசிய) நைலான் அல்லது பாலியஸ்டர் நூல் போடுங்கள். கைத்தையலுக்கான மெழுகு நூலைப் போட்டால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு இடையில் மெழுகு அப்பிக்கொள்ளும். 29கேயில் நூல் ஊசித் தண்டின் உள்ளே இறங்குகிறது. நீண்ட கம்பிக் கொக்கி ஒன்றை விட்டு இழுக்க வேண்டும். அந்தக் கொக்கி இல்லாமல் மெஷின் வந்தால் மெல்லிய கம்பியை வளைத்துச் செய்துகொள்ளலாம். தண்டுக்குள் பழைய நூல் துண்டுகளும் மெழுகும் அடைத்திருந்தால், மேல் டென்ஷனை எவ்வளவு தளர்த்தினாலும் நூல் இறுகியே வரும். அதைச் சுத்தம் செய்தாலே பாதி மெஷின்கள் திருந்திவிடுகின்றன.

பிறகு ஷட்டிலின் பக்கத்தில் இருக்கும் சிறு ஸ்பிரிங். அதன் கீழே ஒரே ஒரு பஞ்சுத் துணுக்கு இருந்தாலும் கீழ் நூல் தளர்ந்து, தோலின் கீழ்ப்பக்கம் ஒழுங்காகவும் மேல்பக்கம் முடிச்சு முடிச்சாகவும் வரும். ஸ்பிரிங்கைக் கழற்றித் துடைத்துப் போட்டு, கீழ் நூல் ஒரே சீராக இழுபடுகிறதா என்று பார்த்த பின்புதான் மேல் டென்ஷனைத் திருப்ப வேண்டும். முடிச்சு தோலின் நடு தடிமனில் உட்கார வேண்டும். மிக மெல்லிய தோலில் அது கொஞ்சம் கீழே தெரியத்தான் செய்யும், அதற்காக மெஷினோடு சண்டை போட வேண்டாம்.

அப்புறம் காலின் அழுத்தம். அழுத்தம் குறைந்தால் ஊசி மேலே வரும்போது தோலும் கூடவே எழும்பும். நூல் வளையம் உருவாகாமல் தையல் விட்டுப்போகும். இதையும் டைமிங் கோளாறு என்றே நினைப்பார்கள். அழுத்தம் கூடினால் காலின் பற்கள் தோலில் தழும்பு போடும். மென்மையான தோலுக்குக் காலின் பற்களை உப்புத்தாளால் மழுக்கிக்கொள்பவர்கள் உண்டு. அதற்கென்று தனியாக ஒரு காலை வைத்துக்கொள்வது நல்லது, பற்கள் உள்ள காலும் கையில் இருக்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாகியும் தையல் விட்டால்தான் டைமிங். ஊசி மிகக் கீழே போய், 2 அல்லது 2.5 மி.மீ. எழும்பும் நேரத்தில் ஷட்டிலின் மூக்கு ஊசியின் நடுவுக்கு வர வேண்டும், ஊசிக் கண்ணுக்குக் கொஞ்சம் மேலே. ஊசியில் நீளப் பள்ளம் ஓடும் பக்கம் அல்ல, கண்ணுக்கு மேலே சிறு குழிவு வெட்டிய பக்கம் ஷட்டில் மூக்கைப் பார்த்திருக்க வேண்டும். இங்கே நுணுக்கமான மாற்றத்தை ஊசித் தண்டின் உயரத்தால் செய்யுங்கள். ராக்கையும் பினியனையும் பிரிக்க வேண்டி வந்தால், பிரிக்கும் முன் இரண்டு பற்களின் மேலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி வையுங்கள், போனில் ஒரு படமும் எடுங்கள். ஒரு பல் தள்ளிப் போட்டாலும் மெஷின் தைக்கவே தைக்காது.

மெக்கானிக்கிடம் கொடுப்பது

ராக், பினியன் தேய்ந்திருந்தால் அவற்றை மாற்றத்தான் வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், இந்த மெஷினை உலகம் முழுக்க நகல் எடுத்திருப்பதால் சீனாவில் செய்த பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. கிளைட்பேங்க் பாகத்தின் நேர்த்தி அவற்றில் இருக்காது. அரத்தால் தேய்த்துப் பொருத்த வேண்டியிருக்கும். ஆனாலும் தேய்ந்துபோன அசலைவிடப் புது நகல் எவ்வளவோ மேல்.

தையல் நீளம் குறைந்துபோன மெஷினுக்கு வேறொரு வைத்தியம் உண்டு. நெம்புகோலின் தேய்ந்த முனையில் பித்தளை வெல்டிங் வைத்து உயர்த்தி, மறுபடி அளவுக்கு அராவிக்கொள்வது. சரியாகச் செய்தால் 3 மி.மீ. தைத்த மெஷின் மீண்டும் 5ஐத் தொடும். இதைத் துணித் தையல் மெஷின் மெக்கானிக்கிடம் கேட்டால் புரியாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் காலணித் தொழிற்சாலைகளின் மெஷின்களைப் பார்ப்பவர்களிடமும், சென்னையில் பெரியமேட்டுத் தோல் கடைகளிலும் விசாரித்தால் ஆள் கிடைக்கும். அவர்கள் அன்றாடம் பார்ப்பது தூண் மேல் தைக்கும் போஸ்ட் பெட், தட்டையான மேசையில் தைக்கும் ஃபிளாட் பெட் மெஷின்கள்தான் என்றாலும், தோலுக்கு எது தேவை என்று அவர்கள் கைக்குத் தெரியும். கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஷட்டில் ஆட்டத்தை எப்படிண்ணே எடுப்பீங்க?” ராக்கைப் பற்றிப் பேசினால் கொடுக்கலாம். “டைமிங் வச்சுத் தர்றேன்” என்று மட்டும் சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம்.

ராக்கோ நெம்புகோலோ, ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் இந்தச் செலவு முழுக்க நியாயம். இரண்டும் தேய்ந்து, ஊசித் தண்டும் ஆடினால், இன்னொரு 29கேயைத் தேடி வாங்கி, இதை உதிரிபாகமாக வைத்துக்கொள்வதே மலிவு.

சீனக் கை மெஷின்

எல்லாவற்றிலும் விலை குறைந்தது இதுதான். வார்ப்பு இரும்பு உடம்பு, கையால் சுற்றும் சக்கரம், 29கே போலவே எல்லாத் திசைக்கும் திரும்பும் கால். அடிப்படை யோசனை சரியானது. வேலைப்பாடுதான் குறை. நூல் போகும் வழியெல்லாம் கூரான விளிம்புகள் இருக்கும், கேமின் பாதை சொரசொரப்பாக இருக்கும். பெட்டியைப் பிரித்ததும் தைக்க நினைத்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அரமும் உப்புத்தாளும் கொண்டு விளிம்புகளையெல்லாம் மழுக்கி, பாலிஷ் செய்து, எண்ணெய் விட்டால் ஓரளவு தைக்கும். ஒரு கை சக்கரத்துக்குப் போய்விடுவதால் தோலைப் பிடிக்க மற்றக் கை மட்டும்தான் மிஞ்சும். கால் மிதியில் ஓடும் 29கேயில் இரண்டு கையும் வேலையின் மேல் இருக்கும். ஷூவைப் பிடித்துத் தைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

ஆக, மெஷினைக் கழற்றி மாட்டப் பிடிக்கும், எப்போதாவது ஒரு செருப்பு வாரோ பை ஓரமோ தைத்தால் போதும் என்பவர்களுக்கு இது சரி. கடை நடத்துபவருக்கு நான் சொல்ல மாட்டேன். நல்ல நிலையில் உள்ள பழைய 29கே கிடைக்கும் வரை பொறுப்பதே மேல்.

புது சிலிண்டர் மெஷின்

இது வேறு உலகம். ஜூகி எல்எஸ்-1341 போன்ற மெஷின்களிலும் அவற்றின் நகல்களிலும் ஊசி, கீழ்ப் பற்கள், கால் மூன்றும் சேர்ந்து தோலை நகர்த்துகின்றன. அதனால் இரண்டு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்காது. நூற்றுக்கணக்கான தையல் போட்டாலும் நீளம் மாறாது. பாபின் பெரியது. 29கேயின் சிறிய பாபினில் நூல் சீக்கிரம் தீர்ந்து, பாதி வேலையில் நிறுத்திச் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். இதில் டெக்ஸ் 135 நூல் சர்வ சாதாரணமாக ஓடும், டெக்ஸ் 210 வரை தாங்கும். வாங்கினால், மெதுவாகவும் ஓட்ட முடிகிற சர்வோ மோட்டாரோடு வாங்குங்கள். பழைய கிளட்ச் மோட்டார் மிதித்தவுடன் பாயும், தோலில் ஒரு தையல் தப்பினாலும் அந்த ஓட்டை அப்படியே நிற்கும்.

ஆனால் இதன் கை தடிமனானது, ஷூவின் மூக்குக்குள் போகாது. தைக்கும் திசையும் மாறாது, பொருளைத்தான் திருப்ப வேண்டும். தைத்து முடித்த பையின் உள்மூலையில் கிழிசல் என்றால் இந்த விலையுயர்ந்த மெஷின் சும்மா நிற்கும், பழைய 29கே அதை முடித்துவிடும். மறுபக்கம், புதிதாக ஐம்பது பை செய்ய ஆர்டர் இருந்தால் 29கேயை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டாம். அது பழுது பார்க்கப் பிறந்த மெஷின். உற்பத்திக்கு அதைப் பயன்படுத்துவது அதற்கும் கேடு, உங்கள் முதுகுக்கும் கேடு.

தடித்த பெல்ட், குதிரைச் சேணம், முக்கால் அங்குல அடுக்கு என்றால் இந்த இரண்டுமே போதாது. ஜூகி 441 வகை வேண்டும், அதன் விலையும் எடையும் அதற்குத் தகுந்தாற்போல இருக்கும்.

கைத்தையல்

வருடத்துக்கு நாலைந்து பெல்ட், ஒரு பர்ஸ், ஒரு கத்தி உறை என்று செய்பவருக்கு மெஷினே தேவையில்லை என்பேன். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராகச் செலுத்தித் தைக்கும் தையல் மெஷின் தையலைவிட உறுதியானது. மெஷினில் மேல் நூலும் கீழ் நூலும் கொக்கி போட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒன்று அறுந்தால் பக்கத்துத் தையலும் தளரும். கைத்தையலில் ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்தில் உள்ளது அதே துளைக்குள் இறுகி நிற்கும். நேரம் மட்டும் அதிகம் பிடிக்கும். தடிமனுக்கு எல்லையே இல்லை.

இனி என் கணக்கு. பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தால், தேய்மானச் சோதனையில் தேறிய 29கேக்கு மேல் எதுவும் இல்லை. ஒரே ஒரு பாகம் தேய்ந்திருந்தாலும் மெக்கானிக் செலவு செய்து அதையே வைத்துக்கொள்ளுங்கள். பைகளைச் செய்து விற்பவர் சிலிண்டர் மெஷினுக்குச் சேமியுங்கள், அது வந்த பிறகு 29கே இரண்டாவது மெஷினாகப் பக்கத்தில் இருக்கட்டும். பொழுதுபோக்குக்காகத் தைப்பவர் கையால் தொடங்குங்கள். ஆறு மாதம் கழித்தும் மெஷின் வேண்டும் என்று தோன்றினால், அப்போது உங்களுக்கு என்ன தடிமன், என்ன நூல் என்று தெளிவாகத் தெரிந்திருக்கும். தாத்தாவோ அப்பாவோ ஓட்டிய மெஷின் என்றால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அதைச் செலவு பார்க்காமல் சரி செய்யுங்கள், ஆனால் கடை வருமானத்துக்கு அதை நம்பி இருக்காதீர்கள்.

பழையது வாங்கப் போகும்போது உங்கள் தோல் துண்டு, உங்கள் நூல், புத்தம் புது 29×3 ஊசிகள், ஒரு டார்ச், ஓர் அளவுகோல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். விற்பவர் தயாராக வைத்திருக்கும் துணியில் அவர் தைத்துக் காட்டுவதை ஒரு சோதனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்களே, நான்கு திசையிலும், நீங்கள் தைக்கப்போகும் தடிமனில் தைத்துப் பாருங்கள். மாடல் தகடு, பாபின்கள், நூல் கோக்கும் கம்பிக் கொக்கி, கால் மிதி ஸ்டாண்டு ஆகியவை கூட வருகின்றனவா என்று கேளுங்கள். ஸ்டாண்டு இல்லாத தலை மட்டும் என்றால் விலையில் அதைக் கழித்துவிட்டுப் பேசுங்கள், தனியாக ஸ்டாண்டு தேடுவது எளிதல்ல. வண்டியில் ஏற்றும்போது தலையை ஸ்டாண்டிலிருந்து கழற்றி, நீண்டிருக்கும் கையின் மேல் பாரம் விழாதபடி கோணியில் சுற்றிப் படுக்க வையுங்கள்.